வர முடியாதவரின் வாசலுக்கு: டிராக்டர்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை, வாடிப்பட்டி, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி வட்டாரங்களின் டிராக்டர் உரிமையாளர்களுக்கும், வாடகை உழவு ஓட்டும் ஓட்டுநர்களுக்கும்,



நோயுற்று வீட்டோடு இருக்கும் ஒரு டிராக்டர்காரரின் பிறந்த நாளன்று, அவருடைய தொழில் தோழர்கள் தத்தம் வண்டிகளைக் கழுவி, மாலையிட்டு, வரிசையாக ஓட்டிவந்து அவர் வீட்டு வாசலைக் கடந்து செல்வது டிராக்டர் வாழ்த்து ஊர்வலம் எனப்படும். பெரும்பாலும் அவருக்கு முன்கூட்டிச் சொல்லாமலே இது நடத்தப்படுகிறது. ஒரு காலைப்பொழுதின் டீசலும் சில மாலைகளும்தான் செலவு. ஆனால் உழவுத் தொழிலிலிருந்து உடம்பு விலக்கிவைத்த மனிதருக்கு அந்தத் தொழிலே வாசலுக்கு வந்து மரியாதை செய்வதால், எளிய பரிசுகளால் தர முடியாத ஒன்றை இது தருகிறது. மதுரைச் சமவெளியில் வேரூன்றத் தகுந்த வழக்கம் இது. வேரூன்றும்போது அதன் அளவு, நேரம், ஓசை அனைத்தையும் நோயுற்றவரின் உடல்நிலையே தீர்மானிக்க வேண்டும். ஊர்வலம் முடிந்த பிறகு அவருடைய வயலுக்கும் வீட்டுக்கும் தொடர்ந்து ஆள் போக வேண்டும். இவ்விரண்டும் இருந்தால்தான் வழக்கம் முழுமை பெறும்.

டிராக்டரை மையமாக வைத்துக் கூடும் சங்கங்கள் மேற்கு நாடுகளில் வெகுகாலமாக உள்ளன. பிரிட்டனில் பழைய டிராக்டர்களையும் இன்ஜின்களையும் பேணுவோரின் தேசியச் சங்கம் 1965-ல் தொடங்கியது. அங்குள்ள ஆர்வலர்கள் மிகவும் போற்றும் வண்டிகளுள் ஒன்று, 1946 முதல் 1956 வரை கவன்ட்ரி நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரிக்கப்பட்ட சாம்பல் நிற ஃபெர்குசன் டிராக்டர். அதை வடிவமைத்த ஹாரி ஃபெர்குசன் வகுத்த மூன்று புள்ளி இணைப்பில்தான் இன்று மதுரை வயல்களில் ஒன்பது கலப்பையும் ரோட்டவேட்டரும் மாட்டப்படுகின்றன. அவருடைய நிறுவனம் 1953-ல் மாசி ஹாரிஸுடன் இணைந்து, பின்னர் மாசி ஃபெர்குசன் ஆனது. சென்னையில் 1960-ல் நிறுவப்பட்ட டாஃபே அந்தப் பெயரில் டிராக்டர்களைத் தயாரித்தது. அதன் ஆலைகளுள் ஒன்று மதுரைக்கு வடமேற்கே கள்ளடிப்பட்டியில் இருக்கிறது. வாடிப்பட்டி வயலில் ஓடும் சிவப்பு மாசியும் பிரிட்டன் சங்கங்களின் சாம்பல் நிற வண்டியும் ஒரே வம்சம்.

இத்தகைய சங்கங்கள் பிரிட்டனிலும் அயர்லாந்திலும் ஆண்டுதோறும் கூட்டாக வண்டி ஓட்டி, மருத்துவப் பணிகளுக்கு நிதி திரட்டுகின்றன. இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் 2004 முதல் பெண்கள் மட்டும் டிராக்டர்களை இளஞ்சிவப்பில் அலங்கரித்து ஓட்டி, மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்த்துவருகிறார்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தபோது, வீட்டுக்குள் போக முடியாத உறவினரும் நண்பர்களும் வண்டிகளில் வரிசையாக வந்து வாசலிலிருந்தே பிறந்த நாள் வாழ்த்துச் சொல்லும் முறை அமெரிக்காவிலும் பிற நாடுகளிலும் பரவியது. தொற்றுக்கு அஞ்சி வெளியாரைச் சந்திக்க முடியாத நோயாளிகளுக்கு இது மிகவும் பொருந்தியது. ஊரடங்கு முடிந்தும் அந்த முறை நிலைத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

மதுரைக்கு இது அயல் வழக்கமாகத் தோன்ற வேண்டியதில்லை. கோயிலுக்கு வர இயலாதவர்களும் காண வேண்டும் என்றே உற்சவ மூர்த்தி வீதியுலா வருகிறார். சித்திரைத் திருவிழாவில் அழகர்கோயிலிலிருந்து புறப்படும் கள்ளழகர் நானூறுக்கும் மேற்பட்ட மண்டகப்படிகளில் நின்று நின்றுதான் வைகைக்கு வருகிறார். நகர மக்கள் எதிரே சென்று எதிர்சேவை செய்கிறார்கள். தெய்வமே ஆளைத் தேடி வருவதையும் ஆள் எதிர்கொண்டு போவதையும் ஆண்டுதோறும் காணும் ஊர் இது. குடும்ப விழாக்களிலும் இதற்கு முன்மாதிரி உண்டு. காதுகுத்துக்கும் பூப்பு நீராட்டுக்கும் தாய்மாமன் சீர்வரிசையை மாட்டுவண்டியிலும் டிராக்டரிலும் ஏற்றி, மேளதாளத்தோடு ஊர் பார்க்கக் கொண்டுவருவது தென்மாவட்டங்களில் கௌரவமான செய்முறை. மாட்டுப் பொங்கலன்று மாட்டோடு டிராக்டரும் குளித்துச் சந்தனம் பூசிக்கொள்கிறது. 2025 அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டில் சிறந்த காளையின் உரிமையாளருக்குப் பரிசாகக் கொடுக்கப்பட்டது டிராக்டர்தான்.

ஒருவரின் பிறந்த நாளை உழவர்களே கூடிக் கொண்டாடும் வழக்கமும் இந்த வைகைப் படுகைக்குப் புதிதன்று. 1895-ல் முல்லைப் பெரியாறு அணையைக் கட்டி முடித்த பென்னிகுவிக்கின் பிறந்த நாள் சனவரி 15. தேனி மாவட்டம் பாலார்பட்டி முதலான ஊர்களில் அன்று பொங்கல் வைத்து அவரை நினைக்கிறார்கள். 2013-ல் அதே நாளில் லோயர் கேம்பில் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. தண்ணீர் கொண்டுவந்தவருக்குச் செய்யும் அந்த மரியாதையில் ஒரு பங்கு, அந்தத் தண்ணீர் பாயும் வயலை ஆண்டுக்கணக்கில் உழுதவருக்கும் உரியது. அதையும் அவர் வாழும்போதே செய்ய முடியும் என்பது இந்த ஊர்வலத்தின் தனிச்சிறப்பு. மாலையும் கூட்டமும் பெரும்பாலும் இறுதி ஊர்வலத்துக்கே சேர்த்துவைக்கப்படும் ஊர்களில், கண்ணால் பார்த்துக் காதால் கேட்கக்கூடிய காலத்திலேயே அவை சென்று சேர்வது பெரிய காரியம்.

நோய் ஒரு டிராக்டர்காரரிடமிருந்து எதையெல்லாம் எடுத்துக்கொள்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். வருமானம் நின்றுபோவது வெளியே தெரியும். வெளியே தெரியாத இழப்பு, அவருடைய அறிவுக்கு வேலை இல்லாமல் போவது. எந்தச் செய்யில் தொழி ஆழம், எந்த வரப்போரம் சக்கரம் புதையும், எந்தக் கண்மாய் மடைக்குக் கீழே மண் முதலில் காயும், எந்தத் திருப்பத்தில் டிரெய்லர் சாயும் என்பதெல்லாம் எந்த ஏட்டிலும் இல்லை, அவரிடமே இருக்கின்றன. இருபது முப்பது ஆண்டுகள் இருக்கையின் அதிர்விலும் இன்ஜின் இரைச்சலிலும் புழுதியிலும் உட்கார்ந்ததன் விலையை முதுகெலும்பும் காதும் நுரையீரலும் கொடுத்திருக்கின்றன. பக்கவாதமோ சிறுநீரகச் செயலிழப்போ புற்றுநோயோ வந்து படுத்த பிறகு முதல் மாதம் எல்லோரும் பார்க்கப் போகிறார்கள். நாற்றங்கால் பருவம் தொடங்கியதும் வருகை குறைகிறது, பிறகு நிற்கிறது. யாரும் வேண்டுமென்று மறப்பதில்லை, வேலை இழுத்துக்கொள்கிறது. இந்த இடைவெளியைத் திட்டமிட்டு அடைப்பது டிராக்டர்காரர் சங்கத்தின் கடமை.

முன்னறிவிப்பில்லாத மகிழ்ச்சி எல்லா உடலுக்கும் ஏற்றதன்று. மனக் கொந்தளிப்பால் இதயத் தசை திடீரெனத் தளரும் ஒரு நிலை 1990-களில் ஜப்பானிய மருத்துவர்களால் விவரிக்கப்பட்டது. ‘உடைந்த இதயம்’ என்று அது பரவலாக அழைக்கப்படுகிறது. 2016-ல் சூரிச் மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், உணர்ச்சி காரணமாக இந்நிலைக்கு ஆளான 485 பேரில் 20 பேருக்கு அதைத் தூண்டியது துயரமன்று, மகிழ்ச்சியான நிகழ்ச்சி. அவற்றுள் பிறந்த நாள் விழாவும் இருந்தது. இது அரிதாகவே நிகழ்வது. ஆயினும் இதய நோயாளி, அண்மையில் பக்கவாதம் கண்டவர், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர் ஆகியோர் விஷயத்தில் சிகிச்சை தரும் மருத்துவரிடம் கேட்காமல் எதுவும் செய்யக்கூடாது.

பெரும்பாலோருக்குப் பாதி இரகசியமே போதும். ‘சங்கத்து ஆட்கள் காலையில் பார்க்க வருகிறார்கள்’ என்று முதல்நாள் சொல்லிவிடலாம். எத்தனை பேர், எப்படி வருகிறார்கள் என்பதை மட்டும் மறைத்துவைக்கலாம். அவர் முகம் மழித்து, நல்ல வேட்டி கட்டி, மருந்து சாப்பிட்டு முடித்திருக்க இது வழிசெய்யும். கசங்கிய துணியோடும் சிறுநீர்ப் பையோடும் ஊர் முன்னால் திடீரென அமர்த்தப்படுவது யாருக்கும் சிறப்பாகாது. குடும்பத்தில் ஒருவருக்கு முழு விவரமும் தெரிந்திருக்க வேண்டும். மனைவியே பெரும்பாலும் பராமரிப்பவர் என்பதால் அவருடைய சம்மதம் முதன்மையானது. தன் மெலிந்த உடலைத் தோழர்கள் காண வேண்டாம் என்று நினைப்பவரும் உண்டு. குடும்பத்தார் அப்படிச் சொன்னால் ஊர்வலத்தைக் கைவிட்டு, இருவர் மட்டும் சென்று பேசிவருவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

நாள் குறிப்பதில் இரண்டு சிக்கல்கள் உண்டு. முதலாவது, மூத்த தலைமுறையில் பலருக்குப் பிறந்த தேதி பள்ளியில் சேர்த்தபோது வாத்தியார் கணக்காக எழுதியது. அத்தகையவருக்கு நட்சத்திரப் பிறந்த நாளோ, அறுபதோ எண்பதோ நிறையும் ஆண்டோ பொருந்தும். ஆயுத பூஜை, மாட்டுப் பொங்கல், சித்திரையில் பொன்னேர் பூட்டும் நாள் ஆகியவையும் தொழிலோடு ஒட்டிய நல்ல நாள்களே. இரண்டாவது சிக்கல் பாசனம். பெரியாறு பிரதானக் கால்வாயில் பேரணை முதல் கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோக நிலம். அணையில் நீர் இருந்தால் ஜூனில் திறப்பார்கள். மேலூர், திருமங்கலம் பகுதிகளின் ஒருபோக நிலம் 1,05,002 ஏக்கர். அதற்குச் செப்டம்பர் வாக்கில் தண்ணீர் விடுவது வழக்கம். தண்ணீர் வந்த வாரங்களில் எல்லா வண்டியும் தொழி உழவில் இருக்கும்; அன்றாட வாடகையை நம்பும் ஓட்டுநரை அப்போது அழைப்பது நியாயமன்று. பிறந்த நாள் அந்த வாரத்திலேயே வந்தால், விடிந்ததும் வயலுக்குப் போகும் வழியில் நான்கு வண்டிகள் மட்டும் அவர் வீட்டைச் சுற்றிப் போகலாம். எண்ணிக்கை குறைவதால் மதிப்புக் குறையாது. கோடையில் நடத்துவதானால் காலை எட்டு மணிக்குள் முடிப்பது நோயாளிக்கும் ஓட்டுபவருக்கும் நல்லது.

வழியையும் வண்டியையும் முன்னரே சரிபார்க்க வேண்டும். ஊர்வலத்துக்கு அந்தப் பகுதிக் காவல் நிலையத்தில் எழுத்து மூலம் அனுமதி பெறுவதும், நான்குவழிச் சாலைகளைத் தவிர்த்து ஊராட்சிச் சாலைகளைத் தேர்வதும் முதல் படிகள். கேஜ் வீல் மாட்டிய வண்டியைத் தார்ச்சாலையில் ஏற்றவே கூடாது; சாலையும் கெடும், சட்டப்படியும் குற்றம். வயலில் திருப்புவதற்காகப் பிரித்துவிட்ட இடது வலது பிரேக் பெடல்களைச் சாலைக்கு வருமுன் கொக்கியிட்டு இணைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் பிரேக் பிடித்தால் வண்டி சுழன்று கவிழும். கலப்பைகளைக் கழற்றிவைப்பது நல்லது, டிரெய்லர் தேவையில்லை. மட்கார்டில் ஒருவரும் உட்காரக்கூடாது. குழந்தைகளை டிரெய்லரில் ஏற்றிவரும் ஆசை எழும். சரக்கேற்றும் வண்டியில் ஆளேற்றிப் பறிபோன உயிர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். குடித்தவர் எவராயினும் சாவியை ஒப்படைத்துவிட வேண்டும். வண்டிக்கு வண்டி ஐம்பது அடி இடைவெளியும், நடந்து செல்பவர் வேகமும், முன்னும் பின்னும் இருசக்கர வாகனத்தில் சிவப்புத் துணியோடு ஒருவரும் இருந்தால் போதிய பாதுகாப்பு.

புகையும் ஓசையும் தனிக் கவனத்துக்குரியவை. டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-ல் வகைப்படுத்தியது. நுரையீரல் நோயாளியின் வாசலில் பத்து வண்டிகள் இன்ஜினை ஓடவிட்டு நிற்பது அவருக்குக் கேடு. அத்தகையவர் வீட்டுக்கு முன்னால் வண்டிகள் நிற்காமல் கடக்க வேண்டும். அல்லது புகை வீட்டுப் பக்கம் வீசாத திடலில் இன்ஜினை அணைத்துவிட்டு ஆட்கள் மட்டும் நடந்து வர வேண்டும். மருத்துவமனையைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலம். அங்கே ஹாரனுக்கும் ஒலிபெருக்கிக்கும் இடமில்லை. எனவே மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருப்பவருக்கு ஊர்வலம் கிடையாது; வீடு திரும்பும் வரை காத்திருக்க வேண்டும். வெடி வேண்டாம். மேளம் வேண்டுமானால் தெருமுனையோடு நிற்கட்டும். இன்ஜின் ஓசையே அவருக்குப் போதும்; எந்த வண்டி யாருடையது என்பதைப் படுத்தபடியே சத்தத்தைக் கேட்டுச் சொல்லிவிடுவார்.

ஃபிளெக்ஸ் பேனரும் வேண்டாம். 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில் சாலை நடுவே வைத்த பேனர் விழுந்து ஓர் இளம் பொறியாளர் உயிரிழந்ததைத் தமிழ்நாடு மறக்கவில்லை. கட்சிக் கொடி, சாதி அடையாளம், அவற்றைத் தூக்கிப்பிடிக்கும் பாட்டு ஆகிய எதுவும் ஊர்வலத்தில் இருக்கக்கூடாது. எல்லோருடைய வயலையும் உழுதவரின் விழாவில் எல்லாத் தெருவினரும் வாசலில் வந்து நிற்கும்படி இருக்க வேண்டும். வண்டியின் முன்புறம் ஒரு வாழைக்கன்றும் மாலையும் கட்டியிருந்தால் அலங்காரம் நிறைவானது.

நிகழ்ச்சி அரை மணி நேரத்துக்குள் அடங்கட்டும். நோயுற்றவர் திண்ணையிலோ சன்னலோரத்திலோ நிழலில் சாய்ந்து அமர்ந்திருப்பார். அருகில் தண்ணீரும் மருந்தும் ஒரு துணையும் இருக்கும். வரிசையின் முதல் வண்டி அவருடைய சொந்த டிராக்டராக இருப்பது மிகச் சிறப்பு. அதை அவர் மகனோ மகளோ, அவரிடம் தொழில் பழகிய இளைஞரோ ஓட்டிவரலாம். கடன் தீர்க்க விற்றுவிட்டிருந்தால், வாங்கியவரிடம் ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கிவருவது முடியாத காரியமன்று. ஒவ்வொரு வண்டியும் வாசலில் வேகம் குறைத்து, ஓட்டுபவர் கையெடுத்து வணங்கிக் கடந்தால் போதும். எல்லோரும் உள்ளே நுழைந்தால் நெரிசலும் தொற்றும் வரும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கும் புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொள்பவருக்கும் சாதாரணச் சளியே ஆபத்து. இருவர் மட்டும் உள்ளே சென்று வாழ்த்தைச் சொல்லட்டும். இனிப்புக்கு மாறாக அவர் சாப்பிடக்கூடிய பழத்தைக் கொடுக்கட்டும். சிறுநீரக நோயாளிக்கு எந்தப் பழம் ஆகும் என்பதைக் கூட முன்பே கேட்டுவைக்க வேண்டும். பேச்சு நின்றுபோனவரானால் பதிலை எதிர்பார்த்து நிற்க வேண்டாம். அவர் அழுதால் அதைக் கைப்பேசியில் பிடிக்க வேண்டாம். படம் எடுப்பதும் பிறருக்கு அனுப்புவதும் குடும்பத்தார் விருப்பப்படியே நடக்க வேண்டும்.

சொந்த வண்டி இல்லாத கூலி ஓட்டுநருக்கும் இந்த மரியாதை உரியது. உரிமையாளர் படுத்தால் பத்து வண்டி, ஓட்டுநர் படுத்தால் ஒருவரும் இல்லை என்ற நிலை வந்தால் வழக்கம் அன்றே கெட்டுவிடும். உழவில் அதிக மணி நேரம் வண்டியில் உட்கார்ந்தவர் பெரும்பாலும் அவரே. சங்கத்துப் பதிவேட்டில் ஓட்டுநர் பெயரும் பிறந்த நாளும் உரிமையாளர் பெயருக்கு இணையாக இருக்க வேண்டும்.

ஊர்வலத்துக்குப் பிந்தைய காரியங்கள் அதைவிடப் பெரியவை. முதலாவது உழவு. அவருக்குச் சொந்தமாகவோ குத்தகையாகவோ நிலம் இருந்தால், அந்தப் போகத்துக்கு அதை உழுது தருவதைச் சங்கம் ஏற்கலாம். டீசலைப் பகிர்ந்துகொண்டால் ஒருவருக்கும் சுமை இல்லை. 2020 ஊரடங்கில் டாஃபே நிறுவனம் தமிழ்நாட்டுச் சிறு விவசாயிகளுக்கு டிராக்டர் உழவை இலவசமாக ஏற்பாடு செய்தது. ஒரு நிறுவனம் மாநில அளவில் செய்ததைப் பத்து வண்டி வைத்திருக்கும் சங்கம் ஒரு குடும்பத்துக்குச் செய்ய முடியும்.

இரண்டாவது பணம். மொய் எழுதும் மரபு மதுரைப் பக்கம் ஆழமானது. ஆனால் மொய் என்றால் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். நோய்க்காலத்தில் கொடுப்பதைத் திரும்பி வராத உதவி என்று சங்கம் வெளிப்படையாகச் சொல்லி, நோட்டில் ஏற்றாமல் கொடுக்க வேண்டும்.

மூன்றாவது அரசு உதவிகள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை, உழவர் பாதுகாப்புத் திட்ட அட்டை, ஓட்டுநர் நல வாரியப் பதிவு ஆகியவை பலரிடம் இருப்பதில்லை. இருந்தும் புதுப்பிக்காமல் கிடக்கும். படுத்திருப்பவரால் தாலுகா அலுவலகத்துக்கு அலைய முடியாது. சங்கத்து இளைஞர் ஒருவர் அந்த வேலையை எடுத்துச் செய்தால் குடும்பத்துக்கு அது பெரிய உதவி. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இரத்த அழுத்த, சர்க்கரை மருந்துகளோடு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்புப் பராமரிப்பும் வீட்டுக்கே வருகின்றன. அவர் பெயர் அதில் சேர்ந்திருக்கிறதா என்பதை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டுவைக்க வேண்டும்.

நான்காவது தொடர்ந்த வருகை. மாதம் ஒருவர் என முறை வைத்து வீட்டுக்குப் போய் அரை மணி உட்கார்ந்து வர வேண்டும். அனுதாபம் பேசுவதைவிட யோசனை கேட்பது நல்லது: இந்த மண்ணுக்கு எந்தக் கலப்பை, அந்த வண்டியில் ஏன் கிளட்ச் வழுக்குகிறது, எந்த மடைக்கு எப்போது தண்ணீர் வரும் என்பவற்றுக்கு அவரிடம் பதில் இருக்கிறது. அவர் சொல்வதை இளைய ஓட்டுநர் எழுதிவைத்தால், வயலைப் பற்றிய அறிவு அவரோடு முடிந்துபோகாமல் அடுத்தவர் கைக்கு வரும்.

எனவே ஒவ்வொரு சங்கமும் முதலில் செய்ய வேண்டியவை மூன்று: உரிமையாளர், ஓட்டுநர் அனைவரின் பிறந்த நாளும் குடும்பத் தொடர்பும் அடங்கிய பதிவேடு, நோயுற்றவர் வீட்டோடு பேசி ஊர்வலத்தின் அளவை முடிவுசெய்ய இருவர் கொண்ட பொறுப்புக் குழு, ஒரு போக உழவுக்கான டீசல் நிதி. இம்மூன்றையும் வரும் சித்திரைக்குள், கால்வாயில் தண்ணீர் திறந்து வேலை குவியும் முன், ஏற்படுத்திக்கொள்ள முடியும். இப்போதே படுத்திருக்கும் தோழர்களின் பெயர்கள் அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் இடம்பெறட்டும்.

இங்ஙனம்,
வைகைப் பாசன உழவுத் தொழிலாளரின் நலம் நாடும் ஒருவர்
மதுரை